பழைய ஹோண்டா மூன்று சக்கர வண்டியில் காற்று நிற்கவில்லை: டியூப் போடலாமா, ரிம்மை மாற்றலாமா?

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கி ஒருமுறை சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விவரம் தெரியட்டும். வளைகுடாவில் இருந்த மாமா கொண்டுவந்த ஹோண்டா ஏ.டி.சி. 110, மணலிலும் சேற்றிலும் ஓட்டுவதற்கென்றே செய்த மூன்று சக்கர வண்டி. பல வருடம் எண்ணூர் வீட்டுக் கொட்டகையில் கிடந்தது, இப்போது மீஞ்சூர் தோப்புக்குப் போயிருக்கிறது. பின் சக்கரம் இரண்டிலும் காற்று அடித்தால் இரண்டு நாளில் இறங்கிவிடுகிறது. பஞ்சர் கடையில் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்த்து ஓட்டை இல்லை என்று சொல்லி, வால்வை மட்டும் மாற்றிக் கொடுத்து, "டியூப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். டியூப் போடலாமா, பஞ்சர் திரவம் ஊற்றலாமா, புது ரிம் தேடலாமா என்பது கேள்வி.

டியூப் வேண்டாம். திரவமும் இப்போதைக்கு வேண்டாம். ரிம்மைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். உங்கள் டயரை நேரில் பார்க்காமலே, நீங்கள் அனுப்பிய படத்தை வைத்து இதை எழுதுகிறேன். எண்ணூர்க் காற்றில் பல வருடம் நின்ற இரும்பு ரிம்மின் நிலை எப்படி இருக்கும் என்று தண்டையார்பேட்டையில் டயர் பட்டறை வைத்திருக்கிறவனுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. கடல் உப்பு ஒரு பக்கம், அனல் மின்நிலையத்துச் சாம்பல் ஒரு பக்கம். சாம்பல் படிந்த இடத்தில் ஈரம் காயாது, ஈரத்தில் உப்பு சேர்ந்தால் இரும்பு பொறுக்குத் தட்டிவிடும். டயருக்கும் ரிம்முக்கும் நடுவே இருக்கிற சந்து அதற்கு வாகான இடம்.

பஞ்சர் கடைக்காரர் மேல் தப்பில்லை. அவர் கை ஆட்டோவுக்கும் காருக்கும் பழகியது. முப்பது பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) காற்றுள்ள டயரில் ஆணி ஏறினால் 'புஸ்' என்று சத்தம் வரும், குமிழி வரும், விஷயம் முடிந்தது. உங்கள் வண்டிக்கு ஹோண்டா சொன்ன காற்று 2 முதல் 3 பி.எஸ்.ஐ.க்குள்தான் இருக்கும். சரியான எண் வண்டியில் ஒட்டிய லேபிளில் இருக்கும், லேபிள் உரிந்திருந்தால் அந்த மாடலின் கையேட்டைப் பாருங்கள். 1970-இல் இந்த வகை வண்டியை ஹோண்டா அமெரிக்காவில் யு.எஸ். 90 என்ற பெயரில் முதலில் விற்றபோது அதற்கு ஸ்பிரிங்கும் கிடையாது, ஷாக் அப்சார்பரும் கிடையாது. பலூன் மாதிரி உப்பிய பெரிய டயர்தான் எல்லா வேலையையும் செய்தது. பள்ளத்தில் அமுங்குவதும் மணலில் பரந்து மிதப்பதும் அதுவே. உங்கள் 110-உம் அதே வழியில் வந்ததுதான். ஆகவே காற்றைக் கூட்டி அடித்துச் சமாளிக்கவும் முடியாது. கூட்டினால் வண்டி பந்துபோல் துள்ளும், பிடிப்பும் போய்விடும்.

இவ்வளவு குறைந்த காற்றில் இன்னொரு சங்கடம் உண்டு. கார் டயரில் உள்ளிருக்கும் முப்பது பி.எஸ்.ஐ. காற்றே டயரின் விளிம்பை, அதாவது உள்ளே கம்பி வைத்த அந்தத் தடித்த ஓரத்தை, ரிம்மோடு அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. சின்னத் துருப்பொறுக்கு இருந்தாலும் ரப்பர் அதன்மேல் அமுங்கி அடைத்துவிடும். இரண்டு பி.எஸ்.ஐ.க்கு அந்த வலு இல்லை. மணல் துகள் ஒன்று இடையில் இருந்தால் போதும், அதைச் சுற்றிக் காற்று கசியும். பஞ்சர் கடையில் உங்கள் சக்கரத்தைத் தொட்டியில் முக்குவதற்கு முன் பதினைந்தோ இருபதோ அடித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அந்தக் காற்று விளிம்பை இறுக்கி அடைத்துவிட்டது, கசிவு தெரியவில்லை. வீட்டுக்கு வந்து காற்றைக் குறைத்ததும் மறுபடி கசிந்திருக்கிறது.

கசிவு தேடும் முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். காலையில் டயர் தொளதொளவென்று இருப்பதாகவும், மத்தியானம் சற்றுத் தேறியதுபோல் தெரிவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒரு பங்கு வெயிலின் வேலை. வெளியே இருக்கிற காற்றின் அழுத்தமே ஏறத்தாழ 14.7 பி.எஸ்.ஐ. அதற்கு மேல் உங்கள் டயரில் 2.2 என்று வைத்தால் மொத்தம் 17-க்குக் கிட்டே. வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் இந்த மொத்தத்தில் சுமார் மூன்று விழுக்காடு, அதாவது அரை பி.எஸ்.ஐ. போல இறங்கும். காரில் முப்பதில் ஒன்றரை குறைந்தால் யார் கண்ணிலும் படாது. உங்களுக்கு 2.2-இல் அரை போவது கால் பங்கு போனதுபோல. வெயிலில் சுட்ட கறுப்பு டயருக்கும் விடியற்காலை டயருக்கும் நம் ஊரில் பத்து டிகிரிக்கு மேலேயே வித்தியாசம் வரும். ஆகவே எப்போது அளந்தாலும் ஒரே நேரத்தில், வெயில் ஏறும் முன் அளங்கள். இருந்தாலும் இரண்டு நாளில் தரையோடு படுத்துவிடுகிறது என்றால் அது கசிவுதான், வெயில் மேல் பழி போடமுடியாது.

அளப்பதற்குப் பெட்ரோல் பங்க் கேஜ் உதவாது. அதில் முள் நகரத் தொடங்குவதே உங்கள் டயருக்கு எல்லை தாண்டின இடம். பத்து பி.எஸ்.ஐ. வரை மட்டும் காட்டும் குறை அழுத்தக் கேஜ் ஒன்று வாங்குங்கள். அது கைக்கு வரும்வரை தையல்காரர் நாடா போதும். சக்கரம் தரையில் படாமல் தூக்கி, டயரின் நடுமேட்டைச் சுற்றி அளந்து எழுதி வையுங்கள். காற்று இறங்கினால் சுற்றளவு குறையும். ஹோண்டாவே இந்த வண்டிகளின் கையேடுகளில் டயர் சுற்றளவைக் கொடுத்திருக்கிறது. காற்றடிக்க சைக்கிள் பம்ப் நல்லது. கம்பிரஷர் குழாயைக் கையில் எடுத்தால் கண் மூடித் திறப்பதற்குள் எட்டுப் பத்து ஏறிவிடும்.

இனி தேடுதல். சோப்பை நல்ல தண்ணீரில் கரையுங்கள். தோப்புக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல் புகுந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. அந்த உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, போதாக்குறைக்கு ரிம்மில் இன்னும் கொஞ்சம் உப்பையும் விட்டுவிட்டுப் போகும். முதலில் ஓட்டும் அழுத்தத்திலேயே பூசிப் பாருங்கள், பிறகு ஆறேழு பி.எஸ்.ஐ. ஏற்றிப் பாருங்கள். எவ்வளவு ஏற்றினாலும் டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருக்கும் எல்லையைத் தாண்டாதீர்கள். முள் குத்தின ஓட்டையானால் ஒரே இடத்திலிருந்து குமிழி குமிழியாக விடாமல் வரும், காற்றைக் கூட்டினால் வேகமாக வரும். விளிம்புக் கசிவு அப்படி வராது. சக்கரத்தைப் படுக்கப் போட்டு, டயரும் ரிம்மும் சேரும் கோட்டில் சோப்புத் தண்ணீரை நிறைத்துவிட்டு ஐந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். பால் பொங்கும் முன் பாத்திரத்தின் ஓரத்தில் கட்டுகிற நுரைபோல் வெள்ளையாக, பொடிப்பொடியாக, ஒரு விரல் நீளத்துக்கு மெல்ல ஏறி வரும். காற்றைக் கூட்டினால் நின்றுபோகும். நின்றால் ரிம்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடலாம்.

வால்வையும் விடாதீர்கள், புதிதாகப் போட்டதுதானே என்று நினைக்கவேண்டாம். தண்டை இப்படியும் அப்படியும் வளைத்து அடிப்பாகத்தில் சோப்பு பூசுங்கள். ரிம்மில் வால்வுத் துளையின் ஓரம் துருப்பிடித்திருந்தால் புது வால்வும் கசியும். வால்வு ஊசியும், அதாவது தண்டுக்குள் திருகி வைத்த அந்தச் சின்ன மூடியும், உள்ளிருக்கும் காற்றழுத்தத்தின் துணையோடுதான் நன்றாக மூடும். இரண்டு பி.எஸ்.ஐ.யில் அந்தத் துணை குறைவு என்பதால் துளி அழுக்கு இருந்தாலும் மூடாது. உள்ளே ரப்பர் வாஷர் வைத்த மூடியாக வாங்கிப் போடுங்கள். நீளத் தண்டு வால்வு போட்டிருந்தால் குட்டைத் தண்டு வால்வாக மாற்றிக்கொள்ளுங்கள், தோப்புச் சுள்ளிகளில் மாட்டாது.

அடுத்தது சீமைக் கருவேல முள். மீஞ்சூர், அத்திப்பட்டு பக்கம் அது இல்லாத இடம் ஏது? இந்த டயர்களின் சதை மெல்லியது. முள் குத்தி, வெளியே இருக்கிற பாதி உடைந்து விழுந்துவிடும், நுனி உள்ளேயே தங்கிவிடும். டயரைக் கழற்றியதும் உட்புறத்தில் தடவிப் பாருங்கள். வெறுங்கையால் வேண்டாம், ஒரு பழைய நைலான் துணியை வைத்துத் தடவினால் முள் நுனி துணியில் மாட்டும். அந்த இடத்தில் உட்புறமாகப் பேட்ச் ஒட்டவேண்டும். டியூப்லெஸ் டயருக்கு வெளியிலிருந்து செருகும் திரி, கெட்டியான கார் டயருக்குத்தான் சரி. ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி விரிகிற இந்தப் பலூன் டயரில் அது நாளடைவில் வழுகி வெளியே வந்துவிடும்.

இப்போது நீங்கள் அனுப்பிய படத்துக்கு வருகிறேன். ரிம்மின் நடுவில் வட்டமாகப் போல்ட்டுகள் தெரிகின்றன. உங்கள் ரிம் இரண்டு பாதிகளைச் சேர்த்து முடுக்கியது, நடுவில் ஒரு பெரிய ரப்பர் வளையம், ஓ-ரிங், காற்றை அடைக்கிறது. ஆக உங்களுக்குக் கசியக்கூடிய இடம் ஒன்று கூடுதல். சக்கரத்தை ஹப்பில், அதாவது அச்சு முனையில், பிடிக்கும் நட்டுகள் வேறு, இரண்டு பாதியைச் சேர்க்கும் போல்ட்டுகள் வேறு. குழப்பிக்கொள்ளாதீர்கள். சேர்க்கும் போல்ட்டில் ஸ்பேனரை வைக்கும் முன் வால்வு ஊசியைக் கழற்றி வெளியே எடுத்து, துளைக்குள் மெல்லிய கம்பி விட்டு அடைப்பு இல்லை என்று பார்த்து, டயரை முழங்காலால் அமுக்கிக் காற்று சுத்தமாகப் போய்விட்டது என்று உறுதி செய்யுங்கள். காற்றோடு போல்ட்டைத் தளர்த்தினால் பாதி ரிம் முகத்துக்கு வரும். துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் லாரிகளின் லாக் ரிங் (டயரை ரிம்மில் பிடித்துவைக்கும் இரும்பு வளையம்) சக்கரங்களைக் கழற்றுகிற எவரையும் கேளுங்கள், இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் விளையாட மாட்டார்கள். காற்று குறைவுதானே என்கிற அலட்சியமும் வேண்டாம், டயர் பெரிது, உள்ளே அடைபட்ட காற்றின் மொத்த வலு அதிகம்.

போல்ட்டைக் கழற்றினாலும் டயர் துருவில் ஒட்டிக்கொண்டு வராது. கடப்பாரையால் குத்துகிற பழக்கம் நம்மிடம் உண்டு, அதில் விளிம்புக் கம்பி முறிந்தால் அந்த டயர் குப்பைக்குத்தான். இந்த அளவு டயர் பாரிமுனையில் போய்க் கேட்டவுடன் கிடைக்கிற சரக்கும் இல்லை. சோப்புத் தண்ணீரை விளிம்பில் ஊற்றி ஓர் இரவு ஊறவிடுங்கள். பிறகு சக்கரத்தைக் காரின் கீழே படுக்கவைத்து, ரிம்மை ஒட்டி டயர்மேல் ஒரு கட்டையை வைத்து, கட்டைக்கும் காருக்கும் நடுவே ஜாக்கியைக் கொடுத்து மெல்ல ஏற்றினால் விளிம்பு தானாக இறங்கும். கார் வழுக்காமல் சக்கரங்களுக்குக் கல் வையுங்கள், தலையைக் கீழே நீட்டாதீர்கள். பெட்ரோலோ டீசலோ ஊற்ற வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும்.

ரிம் வெளியே வந்ததும் பார்ப்பதற்கு மனம் கசக்கும். விளிம்பு உட்காரும் இடம் முழுக்கப் பழைய பெயிண்ட், துரு, முன்பு யாரோ பூசின கறுப்புக் கோந்து எல்லாம் அடுக்கடுக்காக இருக்கும். கம்பி பிரஷ், அதற்குப் பின் 80 எண் உப்புத்தாள், கடைசியில் 220. கிரைண்டர் வைத்திருந்தால் கம்பிக் கிண்ணம் மட்டும் மாட்டுங்கள், அறுக்கும் கல் மாட்டினால் ரிம்மில் தழும்பு விழும், அதுவே புதுக் கசிவுக்கு வழியாகும். அதற்குப் பின் நிறையப் பேர் செய்யாமல் விடுகிற வேலை ஒன்று: கழுவுவது. துருக் குழிகளுக்குள் உப்பு ஒளிந்திருக்கும், தாள் அங்கே போகாது. சுடுதண்ணீர் விட்டு, நைலான் பிரஷால் தேய்த்து, மறுபடி நல்ல தண்ணீர், பிறகு வெயிலில் காயவைத்தல். மறுநாள் காலை குழிகளில் பழுப்புப் புள்ளி எழும்பியிருந்தால் உப்பு இன்னும் போகவில்லை என்று பொருள். மறுபடி கழுவுங்கள். இதைச் செய்யாமல் எவ்வளவு விலையுயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் அடுத்த மழைக்காலத்தில் கொப்பளித்துவிடும்.

குழி இல்லாத லேசான துருவுக்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றி போதும். நகத்துக்குத் தட்டுப்படும் குழிகளில் இரும்புத்தூள் கலந்த எபாக்சி பசையை அழுத்தி நிரப்பி, கெட்டியானதும் ரிம்மின் வளைவுக்கு ஏற்பத் தேயுங்கள். ரிம்மை வெயிலுக்கு எதிரே பிடித்தால் வெளிச்சப் புள்ளி தெரிகிறதா? அது துரு தின்ற துளை, லேத் பட்டறையில் பித்தளைப் பற்று வைத்து அடைக்கவேண்டும். ரிம்மில் டயர் இருக்கும்போது, காற்றில்லாத டயராக இருந்தாலும், எக்காரணம் கொண்டும் வெல்டிங் செய்ய விடாதீர்கள். சூட்டில் ரப்பர் எரிவாயு கக்கி வெடிக்கும். துளைகள் மூன்று நான்கு தெரிந்தாலோ, போல்ட் துளைகளைச் சுற்றி இரும்பு மெலிந்திருந்தாலோ அந்த ரிம்மைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள். நீங்கள் கேட்ட புது ரிம்முக்கு அவசியம் வருவது இந்த ஒரு நிலையில்தான்.

பெயிண்ட் விஷயத்தில் தாராளம் வேண்டாம். எபாக்சி பிரைமர் ஒரு மெல்லிய பூச்சு, மேலே பெயிண்ட் ஒரு மெல்லிய பூச்சு, இரண்டும் நன்றாகக் காய்ந்து இறுகவேண்டும். விளிம்பு உட்காரும் இடத்தில் தடிப்பாக அடித்தால் டயரோடு ஒட்டி, அடுத்த முறை கழற்றும்போது ஏடு ஏடாக உரிந்துவரும்.

ஓ-ரிங் பழையது தட்டையாகிப் போயிருக்கும், மறுபடி போடாதீர்கள். அசல் அளவு கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் பாரிமுனையில் ரப்பர் சாமான் விற்கிற கடைகளில் அதே தடிப்புள்ள நைட்ரைல் ரப்பர் கயிறு மீட்டர் கணக்கில் வாங்கி, பள்ளத்தின் நீளத்துக்கு அறுத்து, முனைகளைச் சாய்வாகச் சீவி உடனடிப் பசையால் ஒட்டிக்கொள்ளலாம். நேர்வெட்டு ஒட்டு நிற்காது. ஓ-ரிங்குக்குப் பதிலாக சிலிகான் பசையைப் பிதுக்கிவிட்டு மூடுகிறவர்கள் உண்டு. வினிகர் வாடை அடிக்கிற சிலிகான் காயும்போது அசிட்டிக் அமிலம் விடும், இத்தனை பாடுபட்டுச் சுத்தம் செய்த இரும்பை அதுவே அரிக்கும்.

சேர்க்கும்போது போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். டயரின் விளிம்பையும் துடைத்து, அதில் மணலோ பழைய கோந்தோ இல்லாமல் பாருங்கள். டயர்க்கடையில் கிடைக்கும் விளிம்புப் பூச்சு, அந்தக் கறுப்பு ரப்பர்க் கரைசல், மெல்லியதாக ஒரு கை பூசிக்கொள்ளலாம். அது சின்னக் குறையை மறைக்கும், துருவுக்கு மருந்தாகாது. விளிம்பு ரிம்மோடு சேராமல் காற்று பக்கவாட்டில் ஓடினால், டயரின் நடுமேட்டைச் சுற்றி லாரிப் பட்டையைக் கட்டி இறுக்குங்கள், ஓரங்கள் வெளியே தள்ளி ரிம்மைத் தொடும். வால்வு ஊசி இல்லாமல் காற்று விட்டால் வேகமாகப் போய் உட்காரும். பக்கச் சுவரில் போட்ட எல்லைக்குள் 'டப்' என்று உட்காரவில்லை என்றால் காற்றை இறக்கி, சோப்புத் தடவி, மறுபடி செய்யுங்கள். சக்கரத்தின்மேல் குனிந்து நிற்காதீர்கள். ஸ்பிரே அடித்துத் தீக்குச்சி கிழித்து உட்காரவைக்கிற வித்தையை யாராவது காட்ட வந்தால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். கம்பிரஷர் தொட்டியில் தேங்கின தண்ணீரையும் முதலில் திறந்து வடிக்கச் சொல்லுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது தினமும் சேரும், ஈரக்காற்றை உள்ளே அனுப்பினால் ரிம் உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

டியூப் ஏன் கூடாது என்றேன் என்பதற்கு வருகிறேன். குறைந்த காற்றில் டயர் ரிம்மின்மேல் மெல்ல நழுவிச் சுற்றும். டியூப்லெஸ்ஸில் அதனால் கேடில்லை. டியூப் இருந்தால் அதையும் இழுத்துக்கொண்டு போகும், வால்வு ரிம்மில் மாட்டிக்கொண்டு நிற்கும், அடிப்பாகத்தில் கிழியும். துருப்பொறுக்கு டியூபை உரசுவதும், இரண்டு பாதி ரிம்மின் சேர்க்கையில் டியூப் கடிபடுவதும் கூடவே உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, டியூப் போட்டதும் ரிம்மை மறந்துவிடுவோம், அது உள்ளே அரித்துக்கொண்டே போகும். பஞ்சர் திரவம் முள் ஓட்டைக்கு ஓரளவு உதவும். ஆனால் உள்ளே ஊற்றிவிட்டால் பிறகு பேட்ச் ஒட்டுவதற்கு அந்த வழவழப்பைச் சுரண்டி எடுப்பதே பெரும்பாடு. ரிம் வேலை முடிந்து, முள் தொல்லை மட்டும் மிஞ்சினால் அப்போது யோசிக்கலாம்.

முடித்தபின் பின் சக்கரம் இரண்டிலும் சுற்றளவு ஒரே அளவாக வரும்படி காற்றை வையுங்கள். உங்கள் வண்டியின் பின் அச்சில் டிஃபரன்ஷியல், அதாவது இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கர அமைப்பு, இல்லை; இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். ஒன்று சிறுத்தால் வண்டி அந்தப் பக்கமாக இழுக்கும். மூன்று சக்கர வண்டி திருப்பத்தில் கவிழ்வதற்கு ஏற்கெனவே தயாராக இருப்பது. அமெரிக்காவில் இந்த விபத்துகளில் பிள்ளைகள் நிறையப் பேர் அடிபட்டு, 1988-இல் நீதிமன்ற ஒப்பந்தத்தின் பேரில் அங்கே புது மூன்று சக்கர வண்டி விற்பனையே நின்றுபோனது. உங்கள் பத்து வயது மருமகன் ஓட்டலாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். கூடாது. தோப்புக்குள்கூட.

சுற்றளவை வெயிலுக்கு முன் அளந்து, சாக்பீஸால் டயர்மேலேயே எழுதிவிட்டு, ஒரு வாரம் ஓட்டாமல் தினமும் அதே நேரத்தில் அளந்து பாருங்கள். அளவு இறங்கினால் இறங்கின சக்கரம் எது, எந்தப் பக்கத்து ஓரத்தில் நுரை வந்தது, அல்லது நடுச் சேர்க்கையில் வந்ததா என்று குறித்து எழுதுங்கள். நடுச் சேர்க்கை என்றால் ஓ-ரிங்கில் முனைகளை ஒட்டின இடத்தைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.